சுமைதாங்கிகளின் சுமை

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு தேநீர்க் கடையில் பழைய நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். நண்பர் என்றாலும் என்னைவிடப் பதினேழு வயது இளையவர். மின் உபகரணங்கள் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறார். 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அவர் இருபத்திரண்டு வயது இளைஞர். தானும் ஓர் அகதியாக இருந்துகொண்டே ஏனைய அகதிகளின் மனத்துயரைக் கேட்டு ஆற்றுப்படுத்திய தொண்டர்களுள் ஒருவர். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்:

"அண்ணை, அந்த நேரம் நான் கேட்ட கதையள் இப்பவும் இரவில வருது. அதுகளை நான் எங்க கொண்டுபோய் இறக்கி வைக்கிறது?"

மூன்று தசாப்தங்களாகக் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைப்பற்றி எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். இரண்டு வாரங்கள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவருடைய கதைக்கு வருமுன்னர் என்னுடைய தவறு ஒன்றை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதுவரை நான் எங்கும் எழுதாத விடயம் அது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வெளியேறிய இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். மழையையும் இருட்டையும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்திரளையும் மீண்டும் இங்கே விபரிக்கப் போவதில்லை. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர் என்பது அன்றைய மதிப்பீடு. தென்மராட்சியின் பாடசாலைகளும் கோவில்களும் தேவாலயங்களும் ஓரிரு நாள்களில் முகாம்களாயின. நாட்டின் எல்லையைக் கடக்காதவர்களைச் சர்வதேசச் சட்டம் அகதிகள் என்று சொல்வதில்லை. 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்றே சொல்கிறது. எங்கள் சனம் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியதில்லை. வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்தவர் முற்றத்தில் உலை வைத்தவர்கள் தம்மை அகதி என்றே சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அச்சுத்தாளுக்குத் தடை இருந்தமையால் கோடு போட்ட கொப்பித் தாளிலும் நாம் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. பாடசாலை ஒன்றில், ஒரே வகுப்பறையில் பதினொரு குடும்பங்களுடன் நானும் என் பெற்றோரும் தங்கியிருந்தோம். வாங்குகளை வரிசையாக அடுக்கியதே குடும்பங்களுக்கு இடையிலான சுவர்.

அந்தப் பாடசாலையில் ஒரு தங்கச்சி இருந்தார். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர். இடப்பெயர்வுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற உளவளத்துணைப் பயிற்சி ஒன்றில் சில நாள்கள் கலந்துகொண்டவர். யாழ். போதனா வைத்தியசாலையின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் அக்காலத்திலேயே ஓர் உண்மையை வலியுறுத்தி வந்தார்கள். யுத்தம் ஒரு சமூகம் முழுவதன் மனத்தையும் காயப்படுத்தும்போது, விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களால் அத்தனை பேரையும் பார்த்துவிட முடியாது. ஆசிரியர், கிராம அலுவலர், தாதி, தொண்டர் எனச் சமூகத்துக்குள்ளேயே இருப்பவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே அது. உலக சுகாதார நிறுவனமும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையரகமும் 1996 இல் அகதிகளின் உளநலம் பற்றி வெளியிட்ட கைநூலைத் தழுவி, அவரும் மருத்துவர் சா. சிவயோகனும் எமது சமூகத்துக்கேற்ற தமிழ்க் கைநூல் ஒன்றை 2000 ஆம் ஆண்டில் கொண்டுவந்தார்கள். ஆனால் 1995 இன் அந்தக் கார்த்திகை மாதத்தில் எங்கள் பாடசாலையில் கைநூல் எதுவும் இருக்கவில்லை. அந்தத் தங்கச்சி மட்டுமே இருந்தார்.

அவர் செய்தது வெளிப்பார்வைக்கு ஒன்றுமேயில்லை. கிணற்றடியில் வாளி பிடித்துக் கொடுப்பார். அரிசி புடைப்பவருக்கு அருகில் குந்தியிருப்பார். மூன்று பிள்ளைகளுடன் வந்திருந்த ஒரு தாய் வந்த நாளிலிருந்து எவருடனும் பேசவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பார்; தான் உண்ணமாட்டார். அந்தத் தாயின் அருகில் அவர் எட்டு நாள்கள் ஒன்றும் கேட்காமல் இருந்தார். ஒன்பதாம் நாள் இரவு, வாங்கு வரிசைக்கு அப்பால், அந்தத் தாய் பேசத் தொடங்கினார். இப்பால் பாயில் படுத்திருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். நடக்க முடியாத முதியவர்களை விட்டுவிட்டு வருவதா, அவர்களுடன் தங்குவதா என்ற தெரிவை அந்த இரவில் பல குடும்பங்கள் எதிர்கொண்டன என்று சொன்னால் போதுமானது.

மறுநாள் நான் அதை எழுதினேன். பெயரைக் குறிப்பிடவில்லை, ஆகவே ஒழுக்கநெறி தவறவில்லை என்று நம்பினேன். ஆனால் ஊரை எழுதினேன். பிள்ளைகளின் வயதுகளை எழுதினேன். அவர் தலையில் சுமந்து வந்த பொருளைக்கூட உருக்கமாக வர்ணித்திருந்தேன். பத்திரிகை வெளிவந்த அன்று ஆசிரியர் என்னைப் பாராட்டினார். மாலையில் பாடசாலைக்குத் திரும்பியபோது அந்த வகுப்பறையில் எவரும் என்னுடன் பேசவில்லை. கட்டுரையில் வருபவர் யார் என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய உறவினர்களுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள்களில் அந்தத் தாய் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார்.

தங்கச்சி பத்திரிகைத் தாளைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். கோபப்படவில்லை.

"அண்ணா, அவா எனக்குத்தான் சொன்னவா. நீங்கள் ஊருக்குச் சொல்லிட்டியள். இனி அவா ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. இஞ்ச இருக்கிற சனமும் இனி எனக்குச் சொல்லாது."

அவர் சொன்னபடியே நடந்தது. அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது, அவருடைய குடும்பம் கிளாலிக் கடல் வழியாக வன்னிக்குப் போனது. நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அதன் பின்னர் அவரை நான் காணவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அப்போது அது மன்னிப்புக் கேட்கவேண்டிய விடயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகையாளன் எழுதத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2009 மே மாதம் யுத்தம் முடிவடைந்தபோது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்காக வவுனியாவிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். வன்னியிலிருந்து வெளியேறிய 2,50,000 இற்கும் அதிகமான மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் இருந்தார்கள். அரசாங்கம் அவற்றை 'நலன்புரி நிலையங்கள்' என்றது. மெனிக் பாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்களைச் சூட்டியிருந்தது. பத்திரிகையாளர் சுதந்திரமாக உள்ளே செல்ல முடியாது. அவ்வருடம் டிசம்பரில் முகாம்வாசிகள் குறிப்பிட்ட நாள்களுக்கு வெளியே வர அனுமதிக்கப்பட்ட பின்னரே, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தத் தம்பியை வவுனியா நகரில் சந்தித்தேன். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

"நான் செய்ததைச் சொல்லுறன், அண்ணை. கேட்டதைச் சொல்லமாட்டன்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அந்தத் தங்கச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

அவர் செய்தவற்றைச் சொன்னார். காலையில் தண்ணீர்த் தாங்கியின் முன்னால் வாளிகள் வரிசையில் நிற்கும். முதியவர்களின் வாளிகளோடு அவர் நிற்பார். "என்ன நடந்தது?" என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. "நித்திரை வருகுதோ? சாப்பிட்டனீங்களோ?" என்றே கேட்பார். எங்கள் சனம் 'மனவழுத்தம்' என்று சொல்லாது. 'யோசினை' என்று சொல்லும், 'நெஞ்சுக்குள்ள எரியுது' என்று சொல்லும், பெருமூச்சு விடும். உளமருத்துவரிடம் போகச் சொன்னால், "எனக்கென்ன விசரோ? அங்கொடைக்கு அனுப்பப் போறியளோ?" என்று கேட்கும். கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தருக்கு அந்தப் பெருமூச்சின் பொருளை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொல்வார்? பக்கத்துக் கூடாரத்துப் பையனுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அவனும் அதே பதுங்குகுழிகளுக்குள் இருந்தவன்.

ஆனால் பேச்சினால் மட்டும் தீராதவை எவை என்று இனங்காணவும் அவருக்குப் பயிற்சி அளித்திருந்தார்கள். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பவர், வலிப்பு மருந்து தீர்ந்துபோனவர், சாகவேண்டும் என்று சொல்பவர் ஆகியோரை மருத்துவரிடம் சேர்ப்பது அவருடைய பொறுப்பு. சேர்த்துவிட்டு, மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று மாலையில் போய்ப் பார்ப்பதும் அவர்தான். ஒரு குடும்பம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைச் செய்ய வழியின்றித் தவித்தது. கீரிமலைக்குப் போகும் நிலை இல்லை. அவர் எங்கோ சிறிது தேங்காய் எண்ணெய் தேடிக்கொண்டு போய்க் கொடுத்தார். கூடாரத்துக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஒருவர் தேவாரம் பாடினார். "அண்டைக்குத்தான் அந்த ஐயா படுத்து நித்திரை கொண்டவர்" என்றார்.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 2007 இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி, அனர்த்த காலங்களில் மனநல உதவியை நான்கு படிகளாக வகுத்துக் காட்டுகிறது. அடித்தளத்தில் உணவும் தண்ணீரும் பாதுகாப்பும். அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு. மூன்றாவது படியில் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களின் உதவி. உச்சியில், மிகச் சிலருக்கு மாத்திரம் தேவைப்படும் சிறப்பு மருத்துவம். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து உளவியல் முதலுதவிக் கைநூலை வெளியிட்டது. கவனி, செவிகொடு, உரிய இடத்துடன் இணைத்துவிடு என்பதே அதன் சாரம். நடந்ததைச் சொல்லும்படி ஒருவரையும் வற்புறுத்தாதே என்றும் அது சொல்கிறது. 1995 இல் ஒரு தங்கச்சி எட்டு நாள்கள் பேசாமல் இருந்ததன் அர்த்தத்தை அதைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இது எங்களுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. யுத்தம் நடைபெற்ற பிரதேசங்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு உளநலக் குறைபாடு இருப்பதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் மருத்துவர்களை எங்கே தேடுவது? ஆகவே பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கிய அகதிகளிலிருந்தே தொண்டர்கள் தெரிவுசெய்யப்படுகிறார்கள். மருத்துவர் அல்லாதவர்களும் கற்றுக்கொண்டு ஐந்து அமர்வுகளில் வழங்கக்கூடிய ஒரு முறையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்டது. மூச்சை நிதானப்படுத்துதல், பிரச்சினைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அணுகுதல், கைவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குதல், உறவுகளை வலுப்படுத்துதல் ஆகியவையே அதன் கூறுகள். பாகிஸ்தானின் பெஷாவரில் அம்முறையைப் பரீட்சித்தபோது நல்ல பலன் கிடைத்தது.

இவற்றை எழுதும்போது ஒரு பத்திரிகையாளனுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்த முறையில் நாம் எளிதில் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. உதவி செய்யும் தொண்டருக்குத் தொடர்ச்சியான மேற்பார்வை இருக்கவேண்டும் என்கிறார்கள். மேற்பார்வை என்றதும் எங்களுக்குக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார். உண்மையில் அதன் பொருள் வேறு. பிறருக்குச் செவிகொடுத்தவர், தான் கேட்டவற்றோடு வந்து அமர்வதற்கும், அவரை ஒருவர் கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான்.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, கர்ப்பவதியாக இறந்துபோன பெண்களின் நினைவாகக் கட்டியவை அவை. கல்லுக்குச் சுமை தெரியாது. மனிதர்களைச் சுமைதாங்கியாக நிறுத்தும்போது அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தம்பியின் தந்தையார் 2009 மே மாதத்திலிருந்து காணாமற்போனோருள் ஒருவர். காணாமற்போனவர்களுக்கு அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. தாயார் பொட்டை அழிப்பதா விடுவதா என்று தெரியாத நிலையில் இத்தனை ஆண்டுகளைக் கழித்துவிட்டார். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் போய் அமர்ந்தார். முகாமில் இதே துயரோடு இருந்த எத்தனையோ தாய்மாருக்கு அவருடைய மகன் செவிகொடுத்தார். மீள்குடியேற்றத்தின் பின்னரும் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போனார். பின்னர் திட்டம் முடிவடைந்தது. அவருக்குக் கிடைத்த சிறு கொடுப்பனவும் நின்றது. ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சனம் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வானொலியைத் திருத்துவதற்காகக் கடைக்கு வருவோர் இன்றும் ஒரு மணி நேரம் இருந்து கதைத்துவிட்டே போகிறார்கள்.

அன்று தேநீர்க் கடையில் அவர் சொன்ன மற்றொரு வார்த்தையே என்னை உறங்கவிடாமல் செய்தது.

"வெளியில எல்லாருக்கும் காது குடுத்தன், அண்ணை. வீட்டில அம்மா அப்பான்ர கதையைத் தொடங்கினால் மட்டும் நான் எழும்பிப் போயிடுவன். என்னால ஏலாது."

நான் அவருக்கு ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. 1995 இல் செய்த தவறை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். முடிந்ததும், "அந்த அக்கா இப்ப எங்க இருக்கிறாவோ" என்று மட்டும் சொன்னார். பின்னர் அவரும் பேசினார், நெடுநேரம் பேசினார். நான் கேட்டதை இங்கே எழுதமாட்டேன்.

நான் பயிற்சி பெற்றவன் அல்லன். ஆகவே நித்திரையின்மைக்கு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகும்படி கேட்டேன். பலரை அங்கே அழைத்துச் சென்ற அவருக்குத் தனக்காகப் போவதற்குக் கூச்சமாக இருந்தது. நானும் கூடப் போனேன். முகாமில் அவரோடு தொண்டராக இருந்த இருவர் அயலில் இருப்பதாகச் சொன்னார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடையின் பின்புறத்தில் கூடுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஊருக்கு நிறையவே செய்கிறீர்கள். கோபுரங்கள் எழுகின்றன, பாடசாலைக் கட்டடங்கள் எழுகின்றன. உங்கள் கிராமத்தில் யுத்த காலத்திலும் அதன் பின்னரும் இந்தப் பணியைச் செய்த பிள்ளைகள் யார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவர்கள் மாதமொருமுறை கூடுவதற்கான பஸ் செலவும், அனுபவமிக்க உளவளத்துணையாளர் ஒருவர் வந்து போவதற்கான செலவும் பெரிய தொகையல்ல. ஊருக்கு வரும்போது அவர்களைச் சந்தித்தால் முகாம் கதைகளைக் கேட்காதீர்கள். நித்திரை வருகிறதா என்று கேளுங்கள்.

1995 இல் எங்கள் வகுப்பறையில் இருந்த தங்கச்சி இதைப் படிப்பாரா என்று தெரியாது. அவருக்கு இப்போது ஐம்பது வயதை அண்மித்திருக்கும். படித்தால், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தாயிடமும் கேட்கிறேன்.

இக்கட்டுரையை வெளியிடுமுன்னர் தம்பிக்குத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் ஊர்ப்பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். இறுதியில், கடந்த வெள்ளிக்கிழமை தாயார் தந்தையாரைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது தான் எழுந்து போகவில்லை என்றார். அரை மணித்தியாலம் இருந்தாராம்.

"பிறகு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"பிறகு அம்மா தேத்தண்ணி போட்டவா" என்றார்.